பதினான்கு அடி

மூன்றாம் மேசையிலிருந்து ஏழாம் மேசைக்குப்
பதினான்கு அடி.
ஒரு மத்தியானம், தேத்தண்ணி ஆறும் நேரத்தில்
நடந்தே எண்ணிப் பார்த்தேன்.
அதைக் கடக்க
செபமலரின் மேன்முறையீட்டுக்கு
நூற்றுப் பதினொரு நாள் போதவில்லை.

மட்டக்குளியிலிருந்து அதைக் கொண்டுவந்த பஸ்ஸுக்கு
முக்கால் மணித்தியாலம் போதுமாயிருந்தது.

பெரிய காரணம் ஒன்றுமில்லை.
கடிதம் தமிழில்.
தமிழ்க் கடிதங்கள் வியாழக்கிழமைக்குக் காத்திருக்கும்.
மொழிபெயர்ப்பாளர் இரண்டு காரியாலயத்துக்கு ஒருவர்;
வியாழனில் போயா விழுந்தால் அந்த வாரமும் இல்லை.
மொழிபெயர்த்தது கையொப்பத்துக்குக் காத்திருக்கும்,
கையொப்பமிட்டது முத்திரைக்கு,
முத்திரை கிடக்கும் லாச்சியின் திறப்போ
பயிற்சிக்குப் போனவரின் கைப்பைக்குள்.

தாமதம் ஏற்பட்டுள்ளது என்று எழுதுவோம்,
மழை பெய்துள்ளது என்பதுபோல.

'மின்பட்டியல் கூட என்று பெயரை வெட்டிவிட்டீர்கள்.
மீற்றர் ஒன்று, குடும்பம் மூன்று.
மேல்தட்டில் பௌமி நானா தையல் மெசின் ஓட்டுகிறார்.
என் பங்குக்கு ஒரு பல்ப், ஒரு ஃபேன்.
புறக்கோட்டையில் மூட்டை தூக்கினவர் என் புருஷன்,
தை மாசம் முதுகு விழுந்தது.
ஃபேன் அவருக்கு.
வந்து பாருங்கள்.'
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு,
இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருந்தது.

செவ்வாய்தோறும் வந்தாள்.
'பார்க்கிறோம்' என்றேன்.
நாலாம் முறை சொன்னபோது
'எதை, மிஸ்?' என்று கேட்டாள்.
கோபமில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.
அம்மா திட்டியதும், நான் கணக்குப் படித்ததும்
அந்த மொழியில்தான்.
என் கடமைப் பட்டியலில் மட்டும் அது இல்லை.

அன்று பின்னேரம் ஒரு மஞ்சள் தாளில்
ஐந்து வரி சிங்களத்தில் எழுதிக் குத்தினேன்.
கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.
கதிரை கிரீச்சிட்டது; முழு மண்டபமும் திரும்பியது,
ஏதோ களவெடுத்துக்கொண்டு போகிறவளைப்போல.
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

விக்ரமாராச்சி கண்ணாடியைத் தேடி எடுத்து வாசித்தார்.
ஆறு நிமிடம்.
'இதற்கா இவ்வளவு நாள்?'
என்னைக் கேட்கவில்லை, கோப்பைக் கேட்டார்.
கோப்பு என்ன சொல்லும்.

திங்கட்கிழமை போனவர்கள்
மீற்றரைப் படம்பிடித்து வந்தார்கள்.
ஒன்றுதான். கீழே மூன்று சமையல்.
பெயர் திரும்ப ஏறியிருக்கிறது; காசு இன்னும் வரவில்லை.
அது வேறு மாடி, வேறு மேசைகள்.
அங்கே எத்தனை அடியென்று எனக்குத் தெரியாது.

அலுமாரியில் இன்னும் இருநூற்றுச் சொச்சம்.
சாப்பாட்டு மணிக்கு முன் தினமும் ஐந்து கொண்டுபோகிறேன்.
யாரும் செய்யச் சொல்லவில்லை,
வேண்டாமென்றும் எழுத்தில் வரவில்லை.
வலது செருப்பின் குதி தேயத் தொடங்கிவிட்டது.
பதினான்கு அடிதான்,
ஆனால் திரும்பியும் வரவேண்டுமே.