காரிமங்கலம் தாண்டி

ஐந்தாம் பருவம், மூன்றாம் தாள், இரண்டாம் அலகு.
நாவல் முழுசும் வேண்டாம்,
பதினாலாம் அத்தியாயம் வரை போதும்
என்றார் அம்சவேணி மேடம்.
நானும் அதுவரைதான் படிப்பதாக இருந்தேன்.

பதினாலின் கடைசி வரியில்
அவள் ஒரு கடிதத்தை நாலாக மடித்து
நெற்குதிருக்குள் முழங்கைவரை விட்டுப் புதைத்தாள்.
அப்புறம் எப்படி மூடுவது புத்தகத்தை?

கடிதம் ஒரு குறியீடு என்று
போர்டில் எழுதினார் மேடம்.
வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டது.
எனக்கோ எலி ஞாபகம்.
போன ஐப்பசியில்
கேழ்வரகு மூட்டைக்கடியில் அப்பா வைத்த பட்டாவில்
இரண்டு சர்வே நம்பரை எலி தின்றுவிட்டது.
மூன்று அத்தியாயமாக நெல்லுக்குள் கிடக்கிறது ஒரு காகிதம்,
வெளியே அடைமழை வேறு.
இவர்களுக்குக் குறியீடாம்.

தருமபுரியில் நாலு ஐம்பது வண்டி.
ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்தேன்.
காரிமங்கலம்
எப்போது வந்தது, எப்போது போனது?
புருஷன்காரன் மரக்காலோடு வருகிறான்,
குதிரின் மூடியைத் தூக்குகிறான்,
ஒரு மரக்கால், இரண்டு மரக்கால்,
நெல்மட்டம் இறங்குகிறது.
"ஐயோ" என்று சொல்லியிருக்கிறேன் போல.
முன்சீட்டில் காலித் தக்காளிக் கூடைகளோடு இருந்தவர்
திரும்பிப் பார்த்தார்.

காவேரிப்பட்டணத்தில் கண்டக்டர்
"தூங்கிட்டியாம்மா" என்றார்.
"ஆமாண்ணா" என்றேன்.
அதுதான் சுலபம்.
மிச்ச தூரத்துக்குப் பதினோரு ரூபாய்.

திரும்பும் வண்டிக்கு முக்கால் மணி நேரம்.
மாங்காய் மண்டி வாசலில்
ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது.
எரியும்போது ஒரு வரி,
அணையும்போது அந்த வரியையே இன்னொரு தரம்.
அம்மா போனில்: எங்கடி இருக்க?
இலக்கியம் படிக்கிறேம்மா.
பொய்யில்லை.

மறுநாள் கேன்டீனில்
முனிரத்னா சமோசாவைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்:
"கடைசியில கெணத்துல விழுந்துடுவாடி அவ.
நோட்ஸ்ல இருக்கு, அஞ்சு மார்க்."
அரை நாள் அவளோடு பேசவில்லை.
ஏன் என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

திங்கட்கிழமை தேர்வு.
முன்பெல்லாம் ஒரு மூச்சில் முப்பது பக்கம்,
இப்போது ராத்திரிக்கு இரண்டு.
கடிதம் அகப்படவில்லை. கணவன் சந்தைக்குப் போயிருக்கிறான்.
அவள் கொல்லையில் துணி உலர்த்துகிறாள்,
என்னவோ முணுமுணுத்துக்கொண்டு.
கிணறு இருக்கும் பக்கம்
இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.
நாற்பத்தோரு பக்கம் இருக்கிறது.
நான் சொல்லப்போவதில்லை.