அவதானம்

கொழுந்து மடுவத்தில் கூட்டம்.
தராசைக் கழற்றவில்லை, அதன் கொக்கியிலேயே
வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
சிவப்புப் பூசியிருப்பது கீழ்ப் பிரிவு:
ஆறு லயம், ஒரு பிள்ளைக்காம்பரா, மாடசாமி கோயில்.

தனநாயக்க சேர் சிங்களத்தில் சொல்வார்.
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
செயலகத்தில் எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

"அவதானம" என்றார்.
அவர் பாஷையில் அதற்கு ஆபத்து என்று பொருள்,
நம்முடையதில் கவனம்.
அப்படியே விட்டிருந்தால்
சனம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கும்:
கவனமாகத்தானே இருக்கிறோம்,
அட்டைக்கும் குளவிக்கும் கங்காணிக்கும்.
ஆபத்து என்றே சொன்னேன்.

பத்தாம் நம்பர் மலையில் வெடிப்பு.
ஐப்பசியில் விரல் நுழைந்தது
இப்போது முழங்கால் போகிறது.
உங்கள் கதவு பூட்டுக்கு வராமல் கோணுவது
பலகை ஊறியதால் அல்ல.
போகத்தான் வேண்டும், இந்த மழைக்கு முன்.

இதுவரை உண்மை.
உரத்துச் சொல்ல முடிந்தது.

பிறகு "தாவகாலிக" என்றார்.
தற்காலிகம்.
இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய ஒரே நீளம்.
என் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

புஸ்பகாந்தி எழும்பினாள், கூடையை இறக்காமலே.
"போறோம். ஏழு பேர்ச் எங்க?
உறுதி யார் பேர்ல?
லயத்த விட்டா பேர வெட்டுவாங்களா?
மிஸ், நீங்க எங்க இருக்கீங்க?"

முதல் மூன்றையும் மொழிபெயர்த்தேன்.
"கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.
அதைச் சொன்னேன். அதோடு
அவர் சொல்லாத ஒன்றையும்:

மேல் பிரிவு பழைய ஸ்டோர்ல இருக்கேன்,
கொழுந்து வாட்டுன மாடி, படங்கு மறைப்பு.
இப்படித்தான் ஒரு கூட்டம் போட்டு எங்களையும் ஏத்துனாங்க.
மகன் அங்க பொறந்து
இந்த வருசம் ஓ.எல். எழுதுறான்.
காணி வரல்ல.
நாங்க இருந்த லயமும் இல்ல.
மண்ணு எடுத்துப் பாத்தப்ப உள்ள யாரும் இல்ல.
அதுக்காகத்தான் சொல்றேன்.

யாரும் கைதட்டவில்லை.
தகரத்தில் தூறல் விழ, எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

புஸ்பகாந்தி கூடையை இறக்கினாள்.
படிவத்தை வாங்கி
தற்காலிகம் என்ற சொல்லின் கீழே
ஒரு கோடு இழுத்தாள்.
"எந்தத் திகதி வரைக்கும்னு இதுல எழுதச் சொல்லுங்க."

என்ன கேட்கிறாள் என்றார் சேர்.
திகதி, என்றேன்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
இன்றைய திகதியைச் சொன்னார்.