பத்தாவது இலக்கம்

இருபதாம் தேதி கிலோகிராம் மாறுகிறது என்றார்கள்.
எந்த ஊர் இருபது என்று கேட்டாள் மெரிக்கே.

தார்த்துவில் நள்ளிரவு அடித்து
ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரிசுக்கு நள்ளிரவு.
அந்த ஒரு மணி நேரம்
நம் வீட்டு உருளைக்கிழங்குக்கு எந்த எடை?
நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
வெளியீட்டு அட்டவணை அவள் பொறுப்பு.

நாங்கள் நான்கு பேர்.
எமாயொகி ஆற்றைப் பார்த்த மாடியில்
எண்களை அடுக்கி வைத்திருக்கும் கடை எங்களுடையது.
ஒளியின் வேகம், எலக்ட்ரானின் மின்னூட்டம்,
யார் வேண்டுமானாலும் தங்கள் நிரலுக்குள்
எடுத்துப் போகலாம், காசில்லை.
எடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது.
தப்பாக இருந்தால் தெரியவரும்.

பதினேழு வெள்ளி.
வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடுவதில்லை என்று
சுவரில் ஒட்டியிருக்கிறது, தீத்ரிக்கின் கையெழுத்தில்,
அப்படியொரு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதியது.
திங்கள் காலை ஒன்பதுக்கு என்றால்
எட்டு மணி நேரம் பழைய எண்ணிலேயே உலகம் ஓடும்.
ஓடட்டுமே என்றான் வாம்போ,
நூற்று முப்பது வருஷம் ஓடியதுதானே.

பிறகு அவனே ஒரு வழி சொன்னான்.
நிரலுக்குள் தேதியை வைத்துவிடுவோம்,
இருபது பிறந்ததும் தானே மாறிக்கொள்ளும்.
மெரிக்கே பேனாவைக் கீழே வைத்தாள்.
ஞாயிறு போட்ட கணக்கைத் திங்கள் போட்டால்
வேறு விடை வருமா?
வாம்போ காபி எடுக்கப் போனான்.
திரும்பும்போது எல்லோருக்கும் கொண்டுவந்தான்.

புது எண்களை ஏற்றிய அன்று
ஒரே ஒரு சோதனை சிவப்பாய் விழுந்தது.
எட்டு வருஷம் முன்பு நான் எழுதியது.
வெற்றிடத்தின் காந்த உட்புகுதிறன்:
நான்கு பை, பத்து மில்லியனால் வகுத்தது,
மயிரிழை பிசகாது
என்று பக்கத்தில் குறிப்பு வேறு.
நான் எழுதியபோது அது உண்மை.
கூடிப் பேசி அப்படித்தான் என்று வைத்திருந்தார்கள்.
இனி அளந்து பார்க்க வேண்டியவற்றின் வரிசையில்
அதுவும் போய் நிற்கிறது,
வாலில் ஒரு கூட்டல் கழித்தல் தொங்க.
பத்தாவது இலக்கத்தில் ஒன்று, இரண்டாகிவிட்டது.
ஒரு டன் சர்க்கரையில் ஒரு பரல் கூடியதுபோல.

பாரிசுக்குப் பக்கத்தில்
மூன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும்
அந்த உலோக உருளைக்கும் இதே கதிதான்.
ஞாயிறு வரை
அது ஒரு கிலோ இல்லை என்று சொல்ல
வாக்கியமே கிடையாது.
திங்கள் முதல் அதையும் தராசில் ஏற்றலாம்.

சோதனையைத் திருத்த உட்கார்ந்தேன்.
எவ்வளவு பிசகலாம் என்று ஒரு எண் போட வேண்டும்.
போட்டேன், அழித்தேன்.
சரி என்று எழுதக் கை கூசாத எனக்கு
ஏறக்குறைய என்று எழுத மதியம் முழுக்க ஆனது.

சனிக்கிழமை ட்ரொம்சோவிலிருந்து கடிதம்.
சுன்னிவா என்று ஒருத்தி.
ஆறு வருஷக் கணக்கு உங்கள் பழைய எண்ணின் மேல் நிற்கிறது,
ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூன்று மாதம்,
தயவுசெய்து உருவிவிடாதீர்கள்.
எடுத்தவர் யாரென்று முதல்முறை தெரிந்தது.
பழையதைத் தூக்காமல்
வருஷத்தைப் பெயராக இட்டு
உள்ளறையில் வைத்தோம், கேட்பவருக்குக் கொடுக்க.
வாசலில் புதியது.

திங்கள்.
தோமிங்காஸ் மரங்கள் பூத்தால் குளிர் திரும்பும் என்பார்கள்,
திரும்பியிருந்தது.
சந்தையில் புகைபோட்ட மீன் வாங்கினேன்,
முந்நூற்றுப் பத்து கிராம்,
கடைக்காரி பத்தை விட்டுக்கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு மெரிக்கே பொத்தானை அழுத்தினாள்.
பதிப்பு ஐந்து.
யாரும் கை தட்டவில்லை, மீனைப் பிரித்தோம்.

ஒன்பது நாற்பதுக்கு முதல் புகார்.
நான்கு பேரும் திரைமுன் குனிந்தோம்.
எண்களில் குறையில்லை.
வெளியீட்டுக் குறிப்பில், முதல் வரியிலேயே,
கிலோகிராம் என்பதை
எழுத்துப் பிழையோடு எழுதியிருக்கிறோம்.

ஐந்து புள்ளி பூஜ்யம் புள்ளி ஒன்று,
செவ்வாய்
என்று அட்டவணையில் எழுதினாள் மெரிக்கே.
இப்போதுதான் சிரித்தாள்.