நான்காவது குடுவை

குடிகாடு. இரவு பத்தே முக்கால்.
சமன்தொட்டியிலிருந்து அஞ்சுகம்
வாளியில் மொண்டுவந்த நீருக்கு
இன்று பீட்ரூட் நிறம்.
நேற்று மஞ்சள்.
சாயப்பிரிவு என்ன சமைக்கிறதோ
அதுதான் எங்களுக்குப் படையல்.

ஆறு குடுவைகள், ஆறு துடுப்புகள், ஒரே மோட்டார்.
முதல் இரண்டில் படிகாரம்.
மூன்றில் ஃபெரிக் குளோரைடு,
சட்டையில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாத துரு.
மீதி மூன்றில் பாலி அலுமினியம்:
நூற்றிருபது, இருநூறு, நானூறு.
ஒரு நிமிடம் வேகம்.
பிறகு மெல்ல, மிக மெல்ல,
ஆறின கஞ்சியைத் துழாவுகிற மாதிரி.

கலங்கலில் மிதக்கும் துகள் ஒவ்வொன்றுக்கும்
ஒரே மின்சுமை.
அதனால்தான் ஒன்றையொன்று அண்டவிடாமல்
நாள் முழுக்க மிதக்கின்றன,
எங்கள் லேபும் கொள்முதல் பிரிவும்போல.

நடனசபாபதி மத்தியானமே கேட்டுவிட்டார்:
'கிலோ என்ன விலை?'
படிகாரம்தான் மலிவு. எனக்கும் தெரியும்.
ஆனால் மலிவு அடியில் தங்குகிறது, சார்.
விரல்கடை உயரத்துக்குச் சேறு.
அதைப் பிழிய ஒரு இயந்திரம், உலர்த்த ஒரு கூரை,
ஏற்ற ஒரு லாரி, புதைக்க ஒரு கட்டணம்.
கிலோவைக் கேட்காதீர்கள்.
தெளிந்த நீர் ஆயிரம் லிட்டர்
என்ன விலை என்று கேளுங்கள்.

பதினொன்று இருபது. துடுப்புகளை நிறுத்தினேன்.
நான்காவதில்
பால் திரிந்தாற்போல் திட்டுத் திட்டாய்
சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.
மேலே, குடுவைக்குப் பின்னால் ஒட்டிய
பாதுகாப்பு வார நோட்டீஸை
எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது.
'தேறிடுச்சுக்கா' என்றாள் அஞ்சுகம்.
அவள் மகன் கணக்குப் பரீட்சை
மூன்றாம் முறை எழுதியிருக்கிறான்.
அந்தச் சொல்லை வேறெதற்கும் அவள் செலவழித்து
நான் கேட்டதில்லை.

ஆறாவதுதான் வேடிக்கை.
அள்ளி ஊற்றியது அதில்தான்.
தெளியத் தொடங்கி
மறுபடி கலங்கி நிற்கிறது.
மருந்து மிஞ்சினால்
துகள்கள் மொத்தமாய்க் கட்சி மாறிவிடும்.
மாறிய பிறகும்
ஒன்றையொன்று அண்டாது.

பதிவேட்டில் எழுதினேன்:
நூற்றிருபது. பிஎச் ஏழு. கலங்கல் நான்கு.
கையெழுத்தின் கடைசி வளைவில் இருக்கும்போதே
உப்பனாற்றுப் பக்கமிருந்து வந்து
தகரக் கூரையில் இறங்கியது மழை.
ஐப்பசி.
சமன்தொட்டிக்குள் இது ஒரு சாண் ஏறினால்
என் நூற்றிருபது விடியும்வரை தாங்காது.

அஞ்சுகம் ஒன்றும் சொல்லவில்லை.
வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.