நீலக் குடம்

எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர் பாதிக்கு மேல்
அள்ளி என்றுதான் முடியும்.
சித்திரை பிறந்துவிட்டால்
அள்ளிக் குடிக்கத்தான் யோசிக்க வேண்டும்.

போர் தண்ணீர் தெளிவாகவே இருக்கும்,
அதுதான் அதன் பொல்லாத்தனம்.
வாடை இல்லை, கலங்கல் இல்லை,
ஆயிரத்து நூறு அடியிலிருந்து
கண்ணாடி போல ஏறி வரும்.
காய்ச்சினால் சரியாகிவிடும் என்று
ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.
காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் குறையும்,
புளோரைடு குறையாது என்று
பாலக்கோட்டு நர்ஸம்மா
என் பல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் பல்.
முன்வரிசை முழுக்கக் குறுக்கே காவிக் கோடு,
கோயில் மதிலுக்கு அடித்த பட்டை மாதிரி.
பெண் பார்க்க வந்தவர்கள்
"பொண்ணு சிரிக்கவே மாட்டாளா" என்றார்கள்.
கல்யாண ஆல்பத்தில் நாற்பத்தெட்டுப் படம்,
நாற்பத்தெட்டிலும் வாய் மூடியிருக்கிறேன்.
சென்னகேசவனுக்கும் அதே பட்டைதான்,
அவர் எல்லாவற்றிலும் சிரிக்கிறார்.
ஆம்பளைக்கு என்ன.

"ஈறுக்குள்ள இருக்கும்போதே பல்லுல எழுதிடும்மா,
வெளிய வந்தப்புறம் அழிக்க முடியாது."
தர்ஷிகா அப்போது ஆறு மாதம்.
அன்றிலிருந்து வீட்டில் இரண்டு குடம்.
நீலத்தில் ஒகேனக்கல் தண்ணீர்:
குடிக்க, உலை வைக்க, பருப்பு வேக.
பச்சையில் போர்:
மாட்டுக்கு, துணிக்கு, கால் கழுவ.
(மாடு என்ன பாவம் செய்தது என்று
ஒருநாள் கேட்டாள். பதில் இல்லை.)

மழைக்காலத்தில் இது ஒரு கஷ்டமே இல்லை.
வெயில் ஏறினால்தான்.
ஒரு சொம்பு குடிக்கிற வாய் நான்கு சொம்பு கேட்கும்,
தாகம் நாலு மடங்கு என்றால்
உள்ளே போவதும் நாலு மடங்கு.
அந்த மாதம் பார்த்துத்தான்
ஐந்து நாளைக்கு ஒருமுறை குழாய் வரும்.
தக்காளி மண்டியில் கூடை தரம் பிரித்துவிட்டு
திரும்பும்போது கையில் எப்போதும் ஒரு காலி கேன்;
எங்கே நல்ல குழாய் ஒழுகினாலும்
பஸ்ஸை விட்டாவது இறங்குவேன்.
வரட்டீயை விட்டேன். தலைவலியோடு
இரண்டு வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

போன வாரம் மாரியம்மன் பண்டிகை.
நாத்தனார் பிள்ளைகள் மூன்று பேர்
பகலுக்குள் நீலக் குடத்தைக் காலி செய்தார்கள்.
கடைசிச் சொம்பில் சின்னவன் கால் கழுவினான்.
கத்திவிட்டேன்.
"நாங்கல்லாம் இதே தண்ணியக் குடிச்சு
செத்தா போயிட்டோம்?"
சொல்லிவிட்டு நாத்தனார்
ஒரு கை தரையில், ஒரு கை சுவரில்
ஊன்றி ஊன்றி எழுந்தாள்.
அவளுக்கு நாற்பத்தொன்று.
நான் அதற்கப்புறம் பேசவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்கு
டிவிஎஸ்ஸின் இரண்டு பக்கமும் கேன் கட்டி
காரிமங்கலம் ரோட்டு வால்வுக் கசிவிலிருந்து
அவர் கொண்டுவந்து இறக்கினார்.
ஒரு சொல் சொல்லவில்லை.
சட்டை நனைந்திருந்தது.

இதையெல்லாம் செய்துவிட்டு
நான் ஜெயித்ததாகச் சொல்லமாட்டேன்.
"ஸ்கூல்ல ஓடி விளையாடினோமா,
குழாய்ல கை ஏந்திக் குடிச்சேன்" என்கிறாள்.
எத்தனை நாள் குடித்தாளோ.
தாகத்துக்கு நிறம் பார்க்கத் தெரியாது.

மாசியில் விழுந்த கீழ்ப்பல்
இன்று காலை முளைத்திருக்கிறது,
நொய்யரிசி அளவு.
வாசல் வெயிலில் முகத்தைத் தூக்கிப் பிடித்தேன்.
ஏழு வருஷம், எத்தனை குடம்,
எல்லாம் அந்த நொய்யில்.
வெள்ளை மாதிரிதான் தெரிந்தது.
ஓரத்தில் இருப்பது சுண்ணாம்புப் புள்ளியா
எச்சிலில் பட்ட வெளிச்சமா,
விரலால் துடைத்து மறுபடி பார்ப்பதற்குள்
"நீ காட்டும்மா, உன்னுது" என்றாள்.

காட்டிக்கொண்டிருக்கும்போதே
தெருவில் குழாய் வந்த சத்தம்.
நீலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்,
வாயை மூட மறந்து.