நூற்று நாற்பத்தொன்று

மே பதினைந்து தாண்டாமல்
தக்காளி நாற்றை வெளியே வைக்காதே என்பார்கள் இங்கே.
பனிப் புனிதர்கள் மூவரும் வந்து போகவேண்டும்,
அவர்கள் பின்னால் சோஃப்கா வரவேண்டும்,
ஈரப் பாவாடையை இழுத்துக்கொண்டு.
இந்த வருடமும் சோஃப்கா வந்தாள்.
திரும்பிப் போகத்தான் இல்லை.

இன்று ஜூன் பதினொன்று.
மலை எங்கே என்று காம்னிக்கில் யாரைக் கேட்டாலும்
மேகத்தைக் காட்டுகிறார்கள்.
பாத்திக்குள் கால் வைத்தால்
பூட்ஸ் தங்கிவிடுகிறது, கால் மட்டும் திரும்புகிறது.
எல்டர் பூவில் சர்பத் போட
வெயில் பட்ட பூ வேண்டுமாம்.
வெயில் பட்டது எதுவுமே இல்லை என்னிடம்.
லெட்டூஸ் விதைத்தேன், அழுகியது.
மறுபடி விதைத்தேன், முளைத்தது;
விடிந்து பார்த்தால் வரிசை இருந்த இடத்தில்
வெள்ளி எச்சில் கோடு.

ஓடில்லாத நத்தைகள்.
செங்கல் நிறம், சுண்டுவிரல் நீளம்.
அவசரம் என்ற ஒன்றை அறியாதவை,
ஆனாலும் எனக்கு முன்னால் வந்துவிடுகின்றன.

கிண்ணத்தில் பீர் வை என்றாள் பாவ்லா.
வைத்தேன். குடித்துவிட்டுப் போய்
கூட்டாளிகளையும் அழைத்துவந்தன.
முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல்,
இரண்டையும் மழை கழுவித் தெருவில் விட்டது.
கத்தரிக்கோல்தான் வழி என்றான் தபால்காரன்,
ஒரே வெட்டு, யோசிக்கக் கூடாது.
பல் மருத்துவரிடம் கருவி கொதிக்கவைக்கிறவள் நான்.
யோசித்துவிட்டேன்.

அதனால் இரவு பத்தரைக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு,
கிளினிக்கில் கழித்துப்போட்ட இடுக்கியால்
கொம்பை உள்ளிழுத்துச் சுருண்டுகொள்ளும் ஒவ்வொன்றையும்
எடுத்து வாளியில் போட்டு எண்ணுவேன்.
பிறகு பலகைப் பாலம், அக்கரை, காஞ்சொறிப் புதர்.
புதருக்குப் பின்னால் லுட்விக்கின் தோட்டம் இருப்பது
எனக்குத் தெரியாமல் இல்லை.
நான் விட்டது புதரில்.
அதற்கப்பால் எங்கே போகின்றன என்பது அவற்றின் பாடு.

லுட்விக்,
ஆறு வருடம் முன்பு என் நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவர்.
நாய் செத்துப்போயிற்று.
வார்த்தை இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி, பாலத்தின் நடுவில்
எதிரே ஒரு நெற்றி விளக்கு.
ஒரு ஆள் போகிற அகலம்தான் பலகை.
கீழே ஆறு பால் காபி நிறத்தில் இரைகிறது.
அவர் கையில் மூடி போட்ட பெயிண்ட் டப்பா.
மூடியை உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிறார்கள்.

“மழை,” என்றார்.
“மழை,” என்றேன்.

என் வாளிக்குள் விளக்கைச் சாய்த்தார்.
“எத்தனை?”
“நூற்று நாற்பத்தொன்று.”
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
“இதில் பாதி எனக்குத் தெரிந்த முகங்கள்.”

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அவரும் சிரிக்கவில்லை.
குடையில்லாத இரண்டு பேர்,
நாலு கைக்கு இரண்டு வாளி,
பின்வாங்க யாருக்கும் மனமில்லை.

பழைய ரம்ப ஆலைப் பக்கம் யாருக்கும் தோட்டம் கிடையாது,
முக்கால் மணி நடை, என்றார் கடைசியில்.
நடந்தோம், அவர் முன்னால், நான் பத்தடி பின்னால்.
உருளைக்கிழங்கு இலையில் கரும்புள்ளி விழுந்ததைப் பற்றிச் சொன்னார்.
செம்புக் கரைசல் அடித்த அன்றே மழை பிடித்ததைச் சொன்னார்.
நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஆலைச் சுவரோரம் கவிழ்த்தபோது
அவருடையதும் என்னுடையதும் கலந்து
தம் வேகத்தில் பிரிந்து போயின.
அது வழியனுப்பி நிற்கக்கூடிய வேகம் இல்லை.

ஞாயிறு காலை பதினேழு நிமிடம் வெயில்.
காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.
பீன்ஸ் கொடி ஏறட்டும் என்று ஏப்ரலில் வெட்டி ஊன்றிய
ஹேசல் குச்சிகள்
தாமே துளிர்த்து நிற்கின்றன, ஏழும்.
பீன்ஸ் மட்டும் மண்ணுக்குள்ளே
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.