சின்

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே
தமிழ்நாடு முடிகிற கடைசி வளைவில்
எங்கள் பிஸ்கட் கம்பெனி.
மதிலுக்கு அப்பால் ஆந்திரா.
கழிவுநீர் மட்டும் எந்த மாநிலம் என்று கேட்காமல் போகும்.

மார்ச்சில் உறை மாறியது.
கப்பலேறுகிற சரக்கு, ஹோண்டுராஸுக்கு.
அது எங்கே இருக்கிறது?
சூப்பர்வைசர் ஞானதுரை யோசித்து,
"தூரம்" என்றார்.

இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை.
கல்லெட்டா என்று வாசித்தேன்.
கல்லா எட்டா என்று பிரித்தாள் ஆதிலட்சுமி,
சூளூர்பேட்டைக்காரி,
தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசுகிறவள்.
அவள் சொன்னதும் சரிதான்.
முதலாளியின் கல்லா
எங்களில் யாருக்கு எட்டியிருக்கிறது?

போனில் ஒரு குரல் திருத்தியது:
கயேத்தா.
எழுத்தில் இரண்டு ல நிற்கும்,
வாயில் ய வரும்.
இதில் என்ன அதிசயம்,
வாழைப்பழத்தை வாயப்பயம் என்று
தின்று வளர்ந்த வாய் இது.

டீ இடைவேளை பத்து நிமிஷம்,
ஒரு நாளைக்கு ஒரு சொல்.
லேச்சே, பால்.
சால், உப்பு.
மாந்தேகீயா, வெண்ணெய்.
அதற்கு முன்னால் பொடியாய்
சபோர் என்று போட்டிருப்பதை
மூன்றாம் வாரம்தான் கவனித்தேன்.
வெண்ணெய் இல்லையாம். வெண்ணெயின் ருசியாம்.
பாமாயில் டின்னைக் காலால் நகர்த்திக்கொண்டே
சிரித்தான் அடுப்பு பார்க்கிற தாசரதி.
"எனக்குத் தமிழே இன்னும் வரல அக்கா,
நீ வேற."

மாவுக்கு அரீனா.
முன்னால் ஒரு ஹ எழுதியிருக்கும்,
வாயில் வராது.
காண்ட்ராக்டர் பதிவேட்டில்
மாதாமாதம் கூலி வாங்குகிற
இல்லாத ஆள் போல.
அப்படியென்றால் அந்த ஊரே
ஓந்துராஸ்தான் என்றேன் ஞானதுரையிடம்.
"பாக்கெட்டை எண்ணு" என்றார்.

ஒரு சொல்லை மட்டும் நான் கற்கவில்லை.
மேசா.
எட்டு மணி நேரம் முன்னால் நிற்கிறேனே,
அதேதான், மேசை.
பழவேற்காட்டில் எந்தக் காலத்திலோ
அதே கரைப் பக்கத்துக் கப்பல்காரன் எவனோ
இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.
திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை.

பிறகு அந்த ராத்திரி ஷிப்ட்.
முட்டை சேர்த்த மாவு ஓடிக்கொண்டிருந்தது,
முட்டை நாற்றம் முகக்கவசத்தையும் மீறி.
புது உருளை மாட்டினார்கள். வேகமாய் ஓடுகிற உறையில்
சின் வேவோ, சின் வேவோ, சின் வேவோ.
கோன் என்றால் சேர்த்தது.
சின் என்றால் இல்லாதது.
கை சிவப்புப் பொத்தானுக்குப் போய்விட்டது.
நான் போகச் சொல்லவில்லை.

பெல்ட் நின்றது. ஞானதுரை ஓடிவந்தார்.
வரிக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா,
உனக்கென்ன ஸ்பானிஷ் தெரியும்,
யார் கேட்டாங்க உன்னை.
பிறகு போனில் படம் எடுத்து அனுப்பினார்.
பிறகு சும்மா நின்றார்.
பிறகு உருளையை மாற்றச் சொன்னார்,
எனக்குச் சொல்லவில்லை, உருளைக்குச் சொல்வது போல.

தப்பான உறையில் போன நானூறு பாக்கெட்டைப்
பிரித்துக் கொட்டினோம் விடியும்வரை.
உடைந்ததெல்லாம் உடைசல் கணக்கு,
கிலோ முப்பது ரூபாய்,
ஆளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் கிடையாது.
என் பங்கை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.
ஆதிலட்சுமி போனில் தேடிச் சொன்னாள்:
"உடைஞ்சதுக்கு ரோத்தா அண்ட, அக்கா."
வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை.

காலை ஆறரை பஸ்.
நெல்லூரிலிருந்து வருகிறது,
நிற்க மட்டும் இடம்.
கும்மிடிப்பூண்டி ஒன்று என்று
நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
சில்லறை இல்லையா என்றார் கண்டக்டர்.
தூக்கத்தில் வாய் தானாகச் சொன்னது:
"சின்."

சின்னதா? சின்ன நோட்டா? எங்கே?
நான் தெலுங்கு என்று முடிவு கட்டி
தெலுங்கிலேயே திட்டத் தொடங்கினார்.
பாதி புரிந்தது.
மடியில் பை கதகதவென்று இருந்தது.
ஒரு துண்டு எடுத்து நீட்டினேன்.
திட்டை நிறுத்தாமலே வாங்கி
வாயில் போட்டுக்கொண்டார்.